பந்தியில் உட்காராதவர்கள்

மகள் அகல்யாவின் காலுக்கு அடியில் தலையணையைச் சரிசெய்துகொண்டிருந்தபோது என் வீட்டுக்காரர் செல்போனை என் மூக்குக்கு நேராக நீட்டினார். ஊர் வாட்ஸ்அப் குழுவில் டாக்டர் கார்த்திகேய சிவத்தின் படம் வந்திருந்தது. கோட்டுப் போட்டு, கையில் கண்ணாடிக் கேடயத்தோடு நின்றார். எலும்பு மூட்டு மருத்துவர்கள் சங்கம் ஒன்று இந்த வருட ஆராய்ச்சி விருதை அவருக்குக் கொடுத்திருக்கிறது. கூடவே வெளிநாட்டில் ஒரு வருடம் விளையாட்டு மருத்துவம் படிக்க ஃபெலோஷிப்பும் கிடைத்திருக்கிறதாம். படத்துக்குக் கீழே ஊரே வரிசையாகக் கைகூப்பியிருந்தது. “பாத்தியா, யாருகிட்ட நம்ம பிள்ளையக் காட்டியிருக்கோம்னு” என்றார் அவர். அவருக்கு வாயெல்லாம் பல். எனக்கு வேறு கணக்கு ஓடியது. இவ்வளவு பெரிய ஆள், சிங்கம்புணரிப் பக்கத்துக் கபடிக்காரப் பெண்ணின் முழங்காலை எதற்காகக் காசு வாங்காமல் ஆபரேஷன் செய்துகொடுக்க வேண்டும்?

என்னைச் சந்தேகப் பிராணி என்று என் வீட்டுக்காரர் வீரபாண்டியன் கல்யாணமான புதிதிலேயே முடிவுகட்டிவிட்டார். நான் என்ன செய்ய, பிழைப்பு அப்படி. மின்வாரியத்தில் ரீடிங் எடுக்கிற வேலை. வாசலில் நிற்கும்போதே உள்ளே ஏசி ஓடுகிற குளிர் கால் விரலில் தெரியும், மீட்டர் மட்டும் கோடைத் தூக்கத்தில் கிடக்கும். வீட்டுக்காரம்மா மோர் கொடுப்பார். மோரைக் குடித்துக்கொண்டே ஒயர் எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்கிறவள் நான். யாராவது ரொம்ப அன்பாக இருந்தால் எனக்கு மூக்கில் வியர்த்துவிடும். இது நல்ல குணமில்லை என்று தெரியும். ஆனால் இதுவரை இந்தக் குணம் என்னை ஏமாற்றியதும் இல்லை.

அகல்யா தை மாதம் நடந்த மாவட்டக் கபடிப் போட்டியில் விழுந்தாள். பாடிப் போனவளை நாலு பேர் அமுக்க, உடம்பு ஒரு பக்கம் திரும்ப, கால் இன்னொரு பக்கம் நின்றுவிட்டது. ‘டப்’ என்று சத்தம் கேட்டதாக அவளே சொன்னாள். ஸ்கேன் எடுத்துப் பார்த்து, முட்டிக்குள் ஜவ்வு அறுந்துவிட்டது என்றார்கள். விளையாட்டு இட ஒதுக்கீட்டில் போலீசுக்குப் போக வேண்டும் என்பது அவள் ஆசை. அவளைவிட எனக்கு. யாரிடம் காட்டுவது என்று கேட்டபோது, போவோர் வருவோரெல்லாம் இந்தக் காரைக்குடி டாக்டரைத்தான் கை காட்டினார்கள். மஞ்சுவிரட்டில் மாடு தள்ளி முட்டி போன இளவட்டங்களையும், கபடியில் கால் போனவர்களையும் தேடித் தேடி வைத்தியம் பார்க்கிறார், கைராசிக்காரர் என்றார்கள். கைராசி என்ற சொல்லைக் கேட்டதும் நானும் சரி என்று தலையாட்டிவிட்டேன். சந்தேகப் பிராணிக்கும் பிள்ளை என்று வரும்போது கைராசி வேண்டியிருக்கிறது.

ஆபரேஷனுக்குப் புதன்கிழமை நாள் குறித்திருந்தது. அதற்கு முந்தின வாரம் பரிசோதனைக்குப் போனபோது, ஏன் காசு வாங்காமல் செய்கிறீர்கள் என்று டாக்டரிடமே கேட்டுவிட்டேன். முகத்தில் எரிச்சல் வருகிறதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தேன். வரவில்லை. நாற்பது வயதுக்குள்தான் இருக்கும், கைவிரல்கள் மட்டும் வீணை வாசிக்கிறவரைப் போல நீளம். பொறுமையாகச் சொன்னார். ஆராய்ச்சிக்கென்று ஓர் அறக்கட்டளை நிதி கொடுக்கிறதாம். கிராமத்து விளையாட்டுக்காரர்களுக்கு, வெளிநாட்டிலிருந்து வரும் விலை கூடின திருகாணி இல்லாமலே ஜவ்வைக் கட்டி நிறுத்தும் ஒரு முறையை இவர் செய்து பார்க்கிறார். செலவெல்லாம் அந்த நிதியில். ஆபரேஷன் முடிந்தவர்களைத் தொடர்ந்து விசாரித்துக்கொண்டே இருப்பார்கள். ஆறு மாதம் வரை நேரில், அதற்குப் பிறகு போனில். அந்த ஆராய்ச்சிக்குத்தான் விருது.

“இதுவரைக்கும் செஞ்சவுகள்லாம் எப்படி இருக்காக சார்?” என்று கேட்டேன்.

“எல்லாருமே நல்லா இருக்காங்கம்மா. ஒருத்தர்கூடக் குறை சொல்லல. உங்க பொண்ணும் ஓடுவா, பாருங்க.”

அவர் அதை அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. ஒரு தெரு முழுக்க எல்லா வீட்டிலும் ஒரே யூனிட் ஓடியிருந்தால், எங்கள் ஆபீசில் யாரும் சந்தோஷப்பட மாட்டார்கள். ஜீப்பை எடுத்துக்கொண்டு கிளம்புவார்கள்.

ஜீப் இல்லாததால் நான் ஸ்கூட்டியில் கிளம்பினேன். எங்கள் ஊரிலேயே முத்தரசுக்கு அந்த ஆபரேஷன் நடந்திருந்தது. டிராக்டர் பட்டறை வைத்திருக்கிறான், என்னை மதினி என்று கூப்பிடுகிறவன். போன வருடத்துக்கு முந்தின வருடம் மஞ்சுவிரட்டில் மாடு முட்டியைத் திருப்பிப் போட்டது. எப்படியிருக்கு என்று கேட்டேன். “நல்லாருக்கு மதினி. முன்னவிடத் தெம்பா இருக்கு. யோசிக்காமப் பிள்ளையக் கூட்டிட்டுப் போங்க” என்றான். நின்றபடியே சொன்னான். எனக்கு ஸ்டூலை இழுத்துப் போட்டான், அவன் உட்காரவில்லை. அங்கிருந்து நெற்குப்பைக்குப் போய் அழகுராஜா என்ற பையனைப் பார்த்தேன். கபடிக்காரன். அவனும் நல்லாருக்கு, முன்னவிடத் தெம்பா இருக்கு, யோசிக்காமக் கூட்டிட்டுப் போங்க என்றான். சொல்லுக்குச் சொல் அதே பேச்சு. திரும்பி வரும் வழியில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டதாக நினைத்தேன். டாக்டர் ஆள் வைத்துச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். விருதுக்காக, ஃபெலோஷிப்புக்காக. சொல்லிக்கொடுத்ததற்குக் கையில் ஏதாவது கொடுத்தும் இருப்பார். வீட்டில் இதைச் சொன்னபோது என் வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். “ஒனக்குக் கடவுளே வந்து நின்னாலும் ஆதார் கார்டு கேப்ப” என்றார். அகல்யா சிரிக்கவில்லை. “எனக்கு ஓடணும்மா. வேற ஒண்ணும் தெரியாது” என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர்க் கருப்பர் கோயிலில் கிடாவெட்டு. விருது வாங்கியதற்காக டாக்டரைக் கூப்பிட்டு மாலை போடுவதென்று ஊரார் முடிவுசெய்திருந்தார்கள். சுத்துப்பட்டில் அவரிடம் வைத்தியம் பார்த்துக்கொண்ட பையன்களுக்கெல்லாம் சொல்லியிருந்தார்கள். கோயிலுக்கு முன்னால் அறுத்த வயலில் பந்தி. அகல்யாவை வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, நான் பக்கத்தில் நின்று பந்தியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இலை போட்டு, வரிசையாகச் சம்மணமிட்டு ஆண்கள் உட்கார்ந்தார்கள். முத்தரசு சோற்று வாளியோடு வந்தான். பின்னால் குழம்பு வாளியோடு அழகுராஜா. நெற்குப்பைப் பையன் எங்கள் ஊர்ப் பந்தியில் ஏன் பரிமாறுகிறான் என்று ஒரு நொடி யோசித்தேன். விருந்தாளியை உட்கார வைத்துச் சோறு போடுவதுதானே முறை. அப்புறம் எலும்புக்கறி வாளி வைத்திருந்தவனைப் பார்த்தேன். மருது, சிங்கம்புணரிச் சந்தையில் மூட்டை தூக்குகிறவன். அவனுக்கும் அதே டாக்டர்தான். ரசம், வீரணன். அவனுக்கும் முட்டி.

வாளி தூக்கியவர்கள் அத்தனை பேரும் டாக்டர் தைத்த முட்டிக்காரர்கள்.

ஒருவரும் காலை மடக்கவில்லை. இடுப்பை மட்டும் வளைத்து, அந்தக் காலைக் கம்பாக நீட்டி, குனிந்து குனிந்து போட்டுக்கொண்டு போனார்கள். முதல் பந்தி எழுந்து இரண்டாவது பந்தி உட்கார்ந்தது. அவர்கள் வாளியைக் கீழே வைக்கவில்லை. எங்கள் பக்கத்தில் விசேஷ வீட்டில் ஓர் ஆண் தரையில் உட்கார்ந்து சாப்பிடாமல் தப்பிக்க ஒரே வழி, பரிமாறப் போவது. அவனை யாரும் உட்காரச் சொல்ல மாட்டார்கள். மாறாக, ஓடியாடி வேலை பார்க்கிறான் என்று மெச்சுவார்கள்.

அண்டா வைத்திருந்த கொட்டகைக்குப் பின்னால் முத்தரசை மறித்தேன். காலை மடக்கிக் காட்டு என்றேன். சிரித்து மழுப்பினான். நான் விடவில்லை. டாக்டர் எவ்வளவு கொடுத்தார் என்று கேட்டதும் அவன் முகம் சுருங்கிப்போனது.

“அவுகளா? அவுகளுக்கு ஒண்ணுமே தெரியாது மதினி. நல்ல மனுசன். நேர்ல பாத்த ஆறு மாசம் வரைக்கும் நல்லாத்தேன் இருந்துச்சு, பொறவுதேன் மடக்க முடியல. இப்ப ஆஸ்பத்திரியில இருந்து ஒரு நர்சுப் புள்ள போன் போட்டு, வலி பத்துக்கு எத்தனைன்னு கேக்கும். ஒண்ணுமில்லன்னுதேன் சொல்லுவோம். எல்லாருமா பேசி வச்சுக்கிட்டோம்.”

“எதுக்குடா?”

“கை வச்சவுகளக் குறை சொன்னா கைராசி போயிரும்ல. எங்க காலு போனது போச்சு. பாதி பேரு அவுக சொன்ன பயிற்சியச் செய்யாம வேலைக்கு ஓடுனவங்கெ. அடுத்து அவுக கை வைக்கப் போறது நம்ம அகல்யா காலுல. அதுக்குத்தேன் மதினி சொல்றோம்.”

வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். இத்தனை நாள் நான் தேடிய கள்ளன், என் பிள்ளைக்காகப் பொய் சொல்லிக்கொண்டிருந்தான். எனக்கு அழுகை வந்தது. அதே நேரத்தில் அவனை ஓங்கி ஓர் அறை விடலாம் போலவும் இருந்தது. இவர்களின் ‘நல்லாருக்கு’களை அடுக்கித்தான் அந்த மனிதர் கண்ணாடிக் கேடயம் வாங்கியிருக்கிறார். அதை நம்பித்தான் புதன்கிழமை என் மகளின் காலைத் திறக்கப் போகிறார். கட்டும் முறையில் கோளாறா, அதற்குப் பிறகு செய்ய வேண்டியதில் கோளாறா என்று அவருக்கே தெரிய வழியில்லை. சொல்லிவிட வேண்டும். ஆனால் சொன்னால்? கைராசியாவது ஒன்றாவது என்று படித்த வாயால் சொல்லிப் பார்த்தேன். உள்ளே எதுவோ கேட்க மறுத்தது. நான் வாயைத் திறந்து, அந்த நீளமான விரல்கள் புதன்கிழமை நடுங்கிவிட்டால்? இது யார்மீதான சந்தேகம் என்றே எனக்குப் புரியவில்லை.

டாக்டர் வந்துவிட்டார். மாலை போட்டார்கள், துண்டு போர்த்தினார்கள், கருப்பருக்குச் சூடம் காட்டித் திருநீறு பூசினார்கள். அவருக்கென்று மேசை நாற்காலி போட்டிருந்தது. அவர் அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பேன்டைச் சற்று இழுத்துவிட்டு, எல்லோரோடும் வயலில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். முட்டி சுலபமாக மடங்கியது. ஊருக்கு அவரை இன்னும் பிடித்துப்போனது. முத்தரசு சோறு போட்டான், அழகுராஜா குழம்பு ஊற்றினான். டாக்டர் நிமிர்ந்து அவர்களைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தார். அவர்களும் சிரித்தார்கள். வேப்பமரத்தடியில் அகல்யா பட்டை கட்டிய காலை நீட்டிக்கொண்டு இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு நம்பிக்கை. அதைப் பார்த்ததும் எனக்குப் பயம் விட்டுப்போனது.

நேராகப் பந்திக்குள் போய் முத்தரசின் கையிலிருந்த வாளியைப் பிடுங்கினேன். அந்தக் கோயில் பந்தியில் பெண்கள் பரிமாறுவது கிடையாது. என் வீட்டுக்காரர் தூரத்திலிருந்து கையை ஆட்டினார்.

“நீ போதும் தம்பி. ஒன் காலை நேராக்குனவுக வந்திருக்காக. அவுக பக்கத்துல உக்காந்து சாப்புடு” என்றேன். “எல்லாருந்தேன். உக்காருங்க.”

“ஆமா, வாங்க, வாங்க” என்று டாக்டர் நகர்ந்து இடம் விட்டார். அழகுராஜாவையும் மருதுவையும் வீரணனையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பெயரெல்லாம் நினைவு வைத்திருந்தார். யாரோ இலைகளைப் போட்டார்கள். விருந்தாளி தன் பக்கத்தில் இடம் விட்டுக் கூப்பிட்ட பிறகு மாட்டேன் என்று எங்கள் ஊரில் யாரும் சொன்னதில்லை.

காலை நீட்டி வைத்துக்கொண்டு சாப்பிடுவார்கள், நான் வாய் திறக்காமலே டாக்டருக்குத் தெரிந்துவிடும் என்றுதான் நான் கணக்குப் போட்டிருந்தேன். முத்தரசு என்னை ஒரு தரம் பார்த்தான். பிறகு வேப்பமரத்தடியில் இருந்த என் மகளைப் பார்த்தான். கையைத் தரையில் ஊன்றி இறங்கி, அந்தக் காலை இரண்டு கையாலும் பிடித்து, உள்ளே இழுத்து மடக்கினான். பக்கத்தில் மூன்று பேரும் அதையே செய்தார்கள். அழகுராஜாவின் கழுத்து நரம்பு புடைத்தது. வீரணன் கீழுதட்டைக் கடித்துக்கொண்டான். முத்தரசின் நெற்றியிலிருந்த திருநீறு வியர்வையில் கரைந்து புருவத்துக்கு இறங்கியது. நாலு பேரும் சம்மணமிட்டு, நிமிர்ந்து, வாய் நிறையச் சிரித்தார்கள்.

நான் குனிந்து முத்தரசின் இலையில் சோற்றை வைத்தேன். போதும் என்று அவன் சொல்லவில்லை. வைத்துக்கொண்டே இருந்தேன்.

டாக்டர் சோற்றைப் பிசைந்துகொண்டே ஏதோ சொல்லத் திரும்பினார். பிசைந்த கை இலையிலேயே நின்றது. முத்தரசின் முகத்தைப் பார்த்தார். அடுத்த முகத்தைப் பார்த்தார், அதற்கடுத்ததை. பிறகு இடது கையை மெல்ல நீட்டி, காய்ச்சல் பார்க்கிறவரைப் போல, நடுங்கிக்கொண்டிருந்த முத்தரசின் முட்டியின் மேல் வைத்தார்.

“நல்லாருக்கு சார்” என்றான் முத்தரசு, சிரிப்பு மாறாமல். “முன்னவிடத் தெம்பா இருக்கு.”

அவர் கையை எடுக்கவில்லை.