ஒற்றைக் கை

1

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியதல்ல. என் அக்கா கேட்டாள், எழுதுகிறேன். அதுவும் பத்திரிகைக்காக இல்லை. நாளைக் காலையில் அக்காவின் ஆய்வகத்துக்கு வருவதாக ஒரு தாய் போன் செய்திருக்கிறாள். அவளுடைய மகன் அங்கேதான் இறந்துபோனான். அவளிடம் என்ன சொல்வதென்று அக்காவுக்குத் தெரியவில்லை.

"நீ பொய் எழுதித்தானே பொழைக்கிற. எனக்கு ஒண்ணே ஒண்ணு எழுதிக் குடு. நான் அப்படியே மனப்பாடம் பண்ணிச் சொல்லிடறேன்" என்றாள்.

"எல்லாக் கதையும் பொய்யில்லக்கா."

"அப்போ உன்கிட்ட வந்தது என் தப்பு."

சிரிப்பாள் என்று பார்த்தேன், சிரிக்கவில்லை. சமையலறை மேடையில் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள். பேராசிரியை, துறைத் தலைவி, மேடையேறினால் அரங்கையே வாயடைக்க வைப்பவள். அவளை இப்படி நான் பார்த்ததே இல்லை. எனக்குப் பயமாக இருந்தது.

2

தொடக்கம், முதல் வரைவு: "துப்பாக்கி வெடித்தது. எல்லோருக்கும் முன்னால் பாய்ந்த அந்த இளைஞன்..."

வேண்டாம். ஓட்டக்காரனைப் பற்றிய கதை என்றாலே துப்பாக்கி வெடித்தாக வேண்டுமா? தவிர, அன்று அவன் ஓடியது மூடிய அறைக்குள், டிரெட்மில்லில், இருந்த இடத்திலேயே.

இரண்டாவது வரைவு: "அக்கா ஒரு காலத்தில் ஓட்டக்காரி."

இது உண்மை, இருக்கட்டும். முழங்கால் போய்விட்டது. ஓட முடியாதவள் ஓட்டத்தைப் படிக்கப் போனாள். உடற்பயிற்சி உடலியல் என்று பாடத்தின் பெயரைச் சொன்ன அன்று அப்பா, "ஓடுறதுக்கு எதுக்கும்மா படிப்பு? பின்னாடி ஒரு நாய் வந்தா போதாதா?" என்றார். அக்கா ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. பிறகு படித்து முனைவரும் ஆனாள்.

அவளுடைய ஆராய்ச்சி டிரெட்மில்லின் கைப்பிடிக் கம்பியைப் பற்றியது. சொன்னால் சிரிப்பீர்கள், நானும் சிரித்தேன். ஓட்டக்காரனின் வாயையும் மூக்கையும் சேர்த்து ஒரு முகமூடியை மாட்டி, அவன் எவ்வளவு ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறான் என்று அளப்பார்கள். காலுக்குக் கீழே ஓடும் பட்டையின் வேகத்தையும் ஏற்றத்தையும் கூட்டிக்கொண்டே போவார்கள். இனி முடியாது என்கிற இடம்தான் அவனுடைய எல்லை. ஆனால் களைக்கும்போது கை தானாகவே கம்பிக்குப் போய்விடும். உடம்பின் பாரத்தில் கொஞ்சம் கம்பிக்குப் போக, கால்களுக்கு வேலை குறைய, அளவு பொய்யாகிவிடும். கை தானாகப் போகும் என்பதையும் அளவு எவ்வளவு பொய்யாகும் என்பதையும் நிறுவியவள் என் அக்கா. பாடநூலில் அவள் வரைந்த வரைபடம் இருக்கிறது. அவளுடைய ஆய்வகச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதியே வைத்திருக்கிறார்கள்: கையை எடு.

[அடைப்புக்குள் ஒன்று. பேருந்தில்கூட அக்கா கம்பியைப் பிடிக்க மாட்டாள், என்னையும் பிடிக்க விடமாட்டாள். "பிடிக்காம நில்லுடா பாப்போம்" என்பாள். நான் யார் மடியிலாவது போய் உட்காருவேன். அவளுக்கு அது பெரிய வேடிக்கை. இப்போது எங்கள் வீட்டு மாடிப்படிக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டுதான் ஏறுகிறாள்.]

3

இறந்துபோன அந்தப் பையனை ஆய்வகத்தில் எல்லோரும் நெட்டை என்றுதான் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் அவனைப் பார்த்ததே இல்லை. அதனால் அவனுக்கு ஒரு காதலியைக் கொடுத்தேன், ஒழுகுகிற வீட்டைக் கொடுத்தேன், ஒரு கனவையும் கொடுத்தேன். அக்கா படித்துவிட்டு எல்லாவற்றையும் அடித்தாள்.

"இதெல்லாம் யாரக் கேட்டு எழுதின? லேஸ ரெட்டை முடிச்சுப் போடுவான். ஒவ்வொரு தடவையும் ஏறும்போது, 'மேடம், இன்னிக்கு உங்க மிஷின உடைக்காம விடமாட்டேன்'னு சொல்லுவான். அத எழுது, போதும்."

எழுதிவிட்டேன். அன்றும் அப்படித்தான் சொன்னானாம்.

முகமூடி போட்டால் பேச முடியாது. அதனால் சைகை வைத்திருந்தார்கள். கட்டைவிரலைத் தூக்கினால், நன்றாக இருக்கிறேன். இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்தால், போதும், நிறுத்துங்கள். ஒற்றைக் கை தொட்டால் அதற்கு ஒரு பொருளும் கிடையாது. அது வெறும் களைப்பு, எல்லோரும் செய்வது.

அன்று ஓட்டத்தின் நடுவில் நெட்டை கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். பிறகு அவனுடைய வலது கை கம்பியைத் தொட்டது. பக்கத்தில் நின்ற அக்கா, "கைய எடு" என்றாள். அவன் சொன்ன பேச்சைக் கேட்கிற பையன். கையை எடுத்தான். எடுத்த பிறகு அவன்

[இந்த வாக்கியம் இப்படியே கிடக்கட்டும். என்னால் முடியவில்லை.]

நெஞ்சை அழுத்தினார்கள், மின்னதிர்ச்சி கொடுத்தார்கள், ஆம்புலன்ஸும் சீக்கிரமே வந்தது. இதயத்தில் பிறவிக் கோளாறு, வழக்கமான பரிசோதனைகளில் சிக்காதது, விதிகள் முறையாகப் பின்பற்றப்பட்டன, யார்மீதும் தவறில்லை என்றது விசாரணைக் குழு. கையைப் பற்றி அவர்கள் கேட்கவில்லை. அக்காவும் சொல்லவில்லை. அந்த நொடியில் நிறுத்தியிருந்தால் பிழைத்திருப்பானா என்று ஓர் இதய மருத்துவரிடம் மட்டும் போய்க் கேட்டாள். "சொல்ல முடியாது" என்றார் அவர். பிழைத்திருப்பான் என்றோ மாட்டான் என்றோ சொல்லித் தொலைத்திருந்தால், அவள் அழுதாவது முடித்திருப்பாள்.

4

முடிவு, ஒன்று: "சந்தோஷமா ஓடிட்டு இருந்தாம்மா. அவனுக்கே தெரியாம போயிடுச்சு. வலியே இருந்திருக்காது" என்று அக்கா சொல்கிறாள். அந்தத் தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளம்புகிறாள்.

அக்கா காகிதத்தை மேசையில் வைத்தாள். "இதத்தான் குழுத் தலைவர் ஏற்கெனவே அவங்ககிட்ட சொல்லிட்டாரு. அப்புறமும் ஏன்டா வராங்க?"

முடிவு, இரண்டு: அக்கா எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறாள். அந்தத் தாய் அவளுடைய கைகளைப் பிடித்துக்கொண்டு, "நீங்க என்னம்மா பண்ணுவீங்க" என்கிறாள். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது.

அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அவங்க ஏன்டா என்னை மன்னிக்கணும்? உனக்குக் கதை முடியணும்கிறதுக்காகவா?"

சரியான அடி. அந்த இடத்தை அழித்துவிட்டு, அந்தத் தாய் மண்ணை வாரித் தூற்றிச் சபிப்பதாக மாற்றினேன்.

"இதுவும் எனக்கு வசதியாத்தான் இருக்கு. திட்டு வாங்கிட்டா தீர்ந்துடும்ல" என்றாள்.

எனக்கு எரிச்சல் வந்தது. "அவங்க போன்ல என்னதான் கேட்டாங்க? அதையாவது சொல்லித் தொலை."

அக்கா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "எதுவும் கேக்கலடா. 'அவன் ஓடின மிஷின்ல நான் ஒரு தடவ ஏறணும் மேடம்'னாங்க. அவ்வளவுதான்."

5

முடிவு, மூன்று:

அந்த அம்மா ஏறுகிறாள். அக்கா இருப்பதிலேயே குறைந்த வேகத்தில் பட்டையை ஓடவிடுகிறாள். பழக்கமில்லாத கால்கள் தடுமாறுகின்றன. அவளுடைய வலது கை கம்பியைப் பிடிக்கிறது. பக்கத்தில், அன்று நின்ற அதே இடத்தில், அக்கா நிற்கிறாள். இத்தனை வருடமாகச் சொல்லிச் சொல்லிப் பழகிய அந்த வார்த்தை நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. விழுங்குகிறாள்.

"பிடிச்சுக்கோங்கம்மா. நல்லா பிடிச்சுக்கோங்க."

அந்த அம்மா கம்பியை விடாமல் நடக்கிறாள். பிறகு திரும்பிப் பார்க்காமலே கேட்கிறாள்.

"அவனும் இதப் பிடிச்சானா மேடம்?"

இதோடு நிறுத்திக் கொடுத்தேன். அக்கா காகிதத்தைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தாள்.

"இதுக்கு நான் என்ன சொல்லணும்? அத எழுதலையே?"

"எழுத வரலக்கா."

"பொய் எழுதுற உனக்கே வரலன்னா எனக்கு எப்படிடா வரும்?"

காகிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு போனாள். மாடிப்படியில் அவளுடைய காலடி ஒவ்வொன்றாகக் கேட்டது.

6

இனி உங்கள் பாடு. அந்தத் தாய் அப்படிக் கேட்காமலே போகலாமே என்று நழுவப் பார்க்காதீர்கள். நானும் அப்படித்தான் நழுவப் பார்த்தேன். கேள்வி என் கற்பனை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவள் கம்பியைப் பிடிப்பாள். அது கற்பனை இல்லை, கை தானாகவே போகும் என்று அக்கா நிறுவிக் காட்டியது. பிடித்த பிறகு தன் கையைத் தானே பார்ப்பாள்.

அக்கா நிற்கும் இடத்தில் இப்போது நீங்கள் நிற்கிறீர்கள். பட்டை ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த அம்மா கேட்டுவிட்டாள். உங்கள் முகத்தில் முகமூடி இல்லை.