கண்ணாடி உருண்டைக்குள் ஒரு ரோஸ் சீட்டு

மேயர் தேர்தலன்று மேஸ்திரி ஓட்மர் சோப்புத் தொழிற்சாலை வாசலில் நின்று ஆளுக்கொரு ரோஸ் வாக்குச்சீட்டு கொடுத்தார். அதில் முதலாளியின் மைத்துனர் வென்ட்வொர்த்தின் பெயர் அச்சாகியிருந்தது. எதிர்த்து நின்ற ஹார்மனின் சீட்டு வெள்ளை. அவரவர் சீட்டை அவரவரே அச்சடிப்பார்கள்; பெட்டியில் எந்தச் சீட்டைப் போடுகிறோமோ அதுதான் ஓட்டு. சின்சினாட்டி நகரம் முழுக்க இழுபறி என்று பேச்சு. போன தேர்தலில் வெள்ளைச் சீட்டை நீட்டிய கார்ஸ்டனுக்கு மறுநாள் வேலை இல்லை.

ஹார்மன் எங்கள் தெருச் சாக்கடை வாய்க்காலை மூடுவதாகச் சொல்லியிருந்தார். அந்த வாய்க்கால் கொடுத்த காய்ச்சலில்தான் எங்கள் முதல் குழந்தை போனது. என் மனைவி லீனா மறுபடி மாசமாக இருந்தாள்.

ஹார்மனின் ஆட்கள் அவர் பெயர் அச்சிட்ட துண்டுத்தாள்களைத் தெருவில் கொடுத்திருந்தார்கள்; எந்தச் சீட்டில் ஒட்டினாலும் ஒட்டிய பெயருக்கே ஓட்டு சேரும். சாப்பாட்டு வேளையில் ஒளிந்து நின்று, வீட்டிலிருந்து கொண்டுவந்த மாவுப் பசையால் அதில் ஒன்றை ரோஸ் சீட்டில் வென்ட்வொர்த் பெயரின் மேல் ஒட்டினேன். நேராக ஒட்டினேனா என்று பார்த்தேன். மறுபடியும் பார்த்தேன். நான் செய்வது சரிதானா என்பது மட்டும் தெரியவில்லை.

முடிதிருத்தும் கடையில் வாக்குச்சாவடி. மேசைமேல் வாக்குப்பெட்டியாகக் கண்ணாடி உருண்டை. பக்கத்திலேயே ஓட்மர்.

"கையைத் தூக்கிப் பிடிங்கடா. கலர் தெரியணும்."

"அக்குள் நாறும் மேஸ்திரி, பரவாயில்லையா?" என்றான் எனக்கு முன்னால் நின்ற டெர்மட்.

"சோப்பு கம்பெனி ஆளு நீ. வெளியில சொல்லித் தொலைக்காத."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் கையைத் தூக்கிப் பிடித்தேன்.

மடித்த என் சீட்டு உருண்டைக்குள் விழுந்து கண்ணாடியோரம் நின்றது. காய்ந்த பசை விறைத்துக்கொண்டு மடிப்பை மெல்லத் திறந்தது. ரோஸ் தாளில் வெள்ளைத் துண்டு. அதில் ஹார்மனின் பெயர். ஓட்மர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கார்ஸ்டனின் முகம் எனக்கு நினைவுக்கு வந்தது.

ஓட்மர் தன் சீட்டைப் போட்டார். உருண்டையை லேசாகத் தட்டினார். என் சீட்டு மற்றவற்றுக்கு அடியில் சரிந்தது. அவர் என் பக்கம் திரும்பவேயில்லை.

ஒன்பதே ஓட்டு வித்தியாசத்தில் ஹார்மன் ஜெயித்தார். மறுநாள் முதலாளியே பட்டறைக்குள் வந்தார்.

"வெறும் ஒன்பது ஓட்டு, ஓட்மர். உன் ஆளுங்கள்ல எவன்?"

"நான் பக்கத்துலயே நின்னேங்க ஐயா. எல்லாம் ரோஸ்தான்."

முதலாளி கைத்தடியை ஊன்றி அடுத்த கொட்டகைக்குப் போனார். ஓட்மர் நான் சோப்பு காய்ச்சும் கொப்பரையோரம் வந்து விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"அடுத்த தடவை மாவுப் பசை வேணாம்டா. கோந்து வாங்கு. அது விறைக்காது."

தலையசைத்தேன். அடுத்த கொட்டகையில் கைத்தடிச் சத்தம் திடீரென்று நின்றது. அது மறுபடி கேட்கும்வரை நாங்கள் இருவருமே அசையவில்லை.