‘டா’ இருக்க வேண்டிய இடத்தில்

1

இந்தக் கதை ஓர் அச்சுப்பிழையிலிருந்து வந்தது. துக்கத்திலிருந்து வந்தது என்று எழுதினால் கௌரவமாக இருக்கும். ஆனால் துக்கத்திலிருந்து எனக்கு இதுவரை தலைவலியைத் தவிர வேறெதுவும் வரவில்லை.

கதையில் வருகிறவன் ஓர் அச்சகத்தில் மெய்ப்புப் பார்ப்பவன். வயது முப்பத்தொன்று. மனைவி இறந்து பதினொரு வாரம். அவன் நான்தான். ‘நான்’ என்று தொடங்கினால் ஒரு பத்தியைத் தாண்ட முடியவில்லை. ‘அவன்’ என்று போட்டால் கொஞ்ச தூரம் நடக்கிறான். அதனால் அவன்.

முதலில் எழுதிய தொடக்கம்: கடவுளை அவன் நம்பவில்லை என்பதைவிட, கடவுள் தன்னை நம்பி

(இதற்கு மேல் ஓடவில்லை.)

இரண்டாவது: அவள் ஒன்பது நாள் மருத்துவமனையில் கிடந்தாள், அந்த ஒன்பது நாளும் அவளுடைய அம்மா

(இது ஓடும். ஓடத் தொடங்கினால் நிற்காது. அடித்துவிட்டேன்.)

மூன்றாவதைத்தான் நீங்கள் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். இதுவும் சுமார்தான்.

2

மாமியாரை அவன் அத்தை என்று கூப்பிடுவான். அத்தை ஒரு விடுதியின் சலவை அறையில் இஸ்திரி போடுகிறார். ஒன்பது நாளும் மருத்துவமனை நடைபாதையில் கண்ணை மூடி வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பத்தாம் நாள் அழுது முடித்து, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டார். அதைத்தான் அவனால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. கேட்டது கிடைக்காத கடைக்கு யாரும் மறுநாளே போய் நிற்பதில்லை.

நினைவுக் கூட்டத்துக்கு ஓர் அட்டை அடிக்க வேண்டும் என்று வந்தார். அவள் படம், பெயர், இரண்டு தேதி, கீழே ஒரு வரி. வரியை ஒரு சலவைச் சீட்டின் பின்பக்கம் எழுதிக் கொண்டுவந்திருந்தார்:

தம்மைச் சந்தேகிப்பவரையும் கடவுள் கைவிடார்.

“பிழை இருந்தா பாத்துக்குங்க மாப்பிள்ளை. அதான உங்க பொழப்பு.”

“பிழை இல்ல அத்தை. ஆனா அவ எங்க சந்தேகப்பட்டா? கடைசி வரைக்கும் நம்பிக்கிட்டுதான இருந்தா.”

“அவளுக்குன்னு யாரு சொன்னா? கார்டு அவளுக்கு. வரி உங்களுக்கு.”

“எனக்கு வேணாம்.”

“வேணாம்னா போங்க. வரி இருக்கட்டும்.”

(இந்த இடத்தில் ‘அத்தை கண்ணீரோடு அவன் தலையைத் தடவினார்’ என்று ஒரு வாக்கியம் இருந்தது. அவர் அப்படியெல்லாம் செய்யவில்லை. டீயை ஆறவிட்டுவிட்டான் என்று திட்டினார்.)

3

ஒரு சிறு குறிப்பு. இலக்கணம் பிடிக்காதவர்களும் தாண்ட வேண்டாம், கதை இதன் மேல்தான் நிற்கிறது.

‘கைவிடார்’ என்றால் கைவிட மாட்டார். இன்று யாரும் இப்படிப் பேசுவதில்லை. அத்தை போன்றவர்கள் கடவுளைப் பற்றி எழுதும்போது மட்டும் எழுதுகிறார்கள். இந்தச் சொல்லில் மறுப்பு எங்கே இருக்கிறது என்று தேடினால் கிடைக்காது. ‘விடு’ தெரியும், ‘ஆர்’ தெரியும். இரண்டுக்கும் நடுவில் மறுப்பைச் சொல்லும் ஓர் ‘ஆ’ இருந்தது, சேரும்போது கெட்டுவிட்டது என்று கல்லூரியில் சொல்லிக்கொடுத்தார்கள். கெட்டுவிட்டது என்றால் மறைந்துவிட்டது என்று பொருள். மறைந்தாலும் வேலை செய்கிறதாம். கண்ணுக்குத் தெரியாத ஒன்று நடுவில் உட்கார்ந்து மொத்த அர்த்தத்தையும் தாங்குகிறது என்று இலக்கண ஆசிரியர்களே நம்பும்போது, அத்தையை மட்டும் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது.

4

அச்சகத்தில் கணினியில் எழுத்துக் கோப்பவருக்குக் ‘கமா’ என்று பெயர் வைத்திருந்தார்கள். தனக்கு மூச்சு வாங்கும் இடத்திலெல்லாம் கமா போடுவார். ஐம்பது வயது, ஆஸ்துமா. அதனால் நிறையக் கமா.

மெய்ப்பு மேசைக்கு வந்தது. கமா பின்னாலேயே வந்து நின்றார்.

“அண்ணே, கடைசி வரி சீட்டுல வேற மாதிரி இருக்கே.”

“அதுவா தம்பி. கைவிடார்னு இருந்துச்சு. அப்படி ஒரு வார்த்தையா? பாவம், வயசானவங்க, அவசரத்துல ஒரு எழுத்த முழுங்கிட்டாங்க. நானே சரிபண்ணிட்டேன்.”

அவர் சரிபண்ணியது: தம்மைச் சந்தேகிப்பவரையும் கடவுள் கைவிடுவார்.

“அர்த்தம் தலைகீழா ஆயிடுச்சேண்ணே.”

“அப்படியா? குடுங்க, மாத்திடறேன்.”

கடைசி இரண்டு வரிகள் பொய். பழியில் பாதியைக் கமாவின் தலையில் கட்ட நான் சேர்த்தவை. உண்மையில், ‘நானே சரிபண்ணிட்டேன்’ என்று அவர் சொன்னதும், “சரிண்ணே,” என்றான். தாளின் ஓரத்தில் ‘அச்சிடலாம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். இருநூறு அட்டை.

5

ஏன் போட்டான்? இந்தக் கேள்விக்கு வந்ததும் பாத்திரம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது.

கண் அசந்துவிட்டது என்று எழுதிப் பார்த்தேன். யாரும் நம்ப மாட்டார்கள். ஆறு வருடமாக மற்றவர்களின் ஒற்றுப்பிழையில் சோறு தின்கிறவன்.

அந்த வரி இப்போதுதான் உண்மையைச் சொல்கிறது என்று நினைத்தான் என்று எழுதினேன். இதில் கொஞ்சம் இருக்கிறது. முக்கியமாக அந்த ‘யும்’. ‘கைவிடார்’ என்று முடிந்தபோது அது தாராளமாக இருந்தது: நம்புகிறவரை மட்டுமல்ல, சந்தேகிப்பவரையும். ‘கைவிடுவார்’ என்று முடிந்ததும் அதே ‘யும்’ வேறு கதை சொன்னது: நம்பினவளை விட்டாயிற்று, அடுத்து இவனையும். அவனுக்குச் சிரிப்பு வந்தது. பதினொரு வாரத்தில் முதல் சிரிப்பு.

அவள் இருந்திருந்தால் இதைக் காட்டிச் சண்டைக்கு இழுத்திருப்பான். அவள் சண்டைக்கு வர மாட்டாள். “நீ பாட்டுக்குச் சந்தேகப்படு. அவரு ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டாரு,” என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விடுவாள்.

சொல்லக் கூசுகிற காரணம் இன்னொன்று. அவன் சவால் விட்டான். மேலே ஒருவர் இருந்து, இந்த வரி அவரைப் பற்றியதுதான் என்றால், அவரே வந்து திருத்தட்டும். மின்சாரம் போகட்டும். மை தீரட்டும். கமாவுக்குத் திடீரென்று தமிழ் வரட்டும். ஒன்பது நாளும் கேட்டது பெரிய விஷயம், செய்யவில்லை, சரி. இது ஓர் எழுத்து.

இயந்திரம் அன்றைக்கு ஒரு தாளைக்கூடக் கசக்காமல் ஓடியது.

6

சனிக்கிழமை மதியம் அட்டைக் கட்டை அத்தை வீட்டு மேசையில் வைத்தான். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலாக இருந்ததை எடுத்தார். படத்தைக் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு வரிக்கு வந்தார்.

இங்கே எனக்கு ஒரு முடிவு தயாராக இருந்தது. நம்பிக்கையின் வேகத்தில் அவர் ‘கைவிடுவார்’ என்பதையே ‘கைவிடார்’ என்று படித்துவிடுகிறார், பிழை வெளியே வராமலே போகிறது. அழகான முடிவு. அத்தை அழகுக்கு ஒத்துழைக்கவில்லை.

“இத நீங்க பாத்தீங்களா மாப்பிள்ளை?”

“பாத்தேன்.”

“அச்சாகறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?”

“முன்னாடி.”

அவர் அட்டையை மேசையில் வைத்தார். இனி இங்கே வராதீங்க என்பார் என்று அவன் எதிர்பார்த்தான். அதற்காகவே உட்காராமல் நின்றான். சொல்லிவிட்டால் முடிந்துவிடும். மகள் இல்லாத வீட்டில் மாப்பிள்ளைக்கு என்ன வேலை. வாராவாரம் அவன் சட்டைகளை எடுத்துப்போய்த் தேய்த்துக் கொண்டுவந்து தொங்கவிடுவது நிற்கும். ‘சாப்பிட்டீங்களா’ நிற்கும். அத்தை விட்டுவிடுவாரா, மாட்டாரா. அன்று அந்த அறையில் இருந்தது இந்த ஒரு கேள்விதான். எந்தப் பதில் வேண்டும் என்று மட்டும் அவனுக்குத் தெரியவில்லை.

“எம் பொண்ணு படத்துக்குக் கீழ,” என்றார் அத்தை. “அங்கயாவது விட்டு வச்சிருக்கலாம்.”

“ஆமா.”

“ஆமாவாம்.”

இழுப்பறையைத் திறந்து பேனாவை எடுத்தார். முதல் அட்டையில் ‘டுவா’வை அடித்து, மேலே ‘டா’ என்று எழுதினார். மை காய ஊதினார். அடுத்ததை எடுத்தார்.

“இருநூறு இருக்கு அத்தை. விடுங்க, வேற அடிச்சுத் தரேன்.”

“நாளைக்கு நாலு மணிக்குக் கூட்டம். ஞாயித்துக்கெழம உங்க மெஷினு ஓடுமா?”

“ஓடாது.”

“அப்ப வாய மூடிக்கிட்டு உக்காருங்க. வெளிச்சத்த மறைக்காதீங்க.”

மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. இஸ்திரி போட்டுப் பழகிய கை, ஒரே சீராகப் போயிற்று. அவன் உதவவில்லை. இழுப்பறையில் இன்னொரு பேனா இருந்தது. அவனும் பார்த்தான், அவன் பார்த்ததை அத்தையும் பார்த்தார். மன்னித்தேன் என்பது போல எதுவும் அவர் வாயிலிருந்து வரவில்லை. கடைசி அட்டையை வைத்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

“நாளைக்கு வாசல்ல நின்னு கார்டு குடுக்கறது நீங்கதான்.”

“வேற யாரையாவது...”

“நீங்கதான். ஏன் அடிச்சுத் திருத்திருக்குன்னு யாராச்சும் கேட்டா, அச்சுல தப்புன்னு சொல்லிடுங்க.”

“என் தப்புன்னே சொல்லிடறேன்.”

“ரொம்பப் பெரிய ஆளுன்னு நெனப்பு. அச்சுல தப்பு.”

(வாசகர் இங்கே ஒன்றைப் படித்துவிடுவார் என்று எனக்குப் பயம்: வந்து திருத்தட்டும் என்றான், திருத்த ஒரு கை வந்துவிட்டது என்று. எனக்கும் தோன்றியது. நேற்றிலிருந்து அதைத் தள்ளித் தள்ளி விடுகிறேன். இடுப்பு வலியோடு அவ்வளவு நேரம் குனிந்திருந்தவருக்குச் சேர வேண்டியதைத் தூக்கி மேலே இருப்பவர் கையில் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அத்தை கொடுப்பார். அது அவர் பாடு.)

7

இன்று ஞாயிறு. மணி மூன்று பத்து. ‘அவன்’ இதற்கு மேல் நகர மாட்டேன் என்கிறான். ஆகவே நான்.

என்னிடம் இரண்டு முடிவுகள் இருக்கின்றன. போகிறேன், வாசலில் நிற்கிறேன், யாரோ கேட்கிறார், அச்சில் தப்பு என்று பொய் சொல்லிவிட்டு அட்டையை நீட்டுகிறேன். அல்லது போகவில்லை, அத்தையே வாசலில் நின்று, மாப்பிள்ளைக்கு உடம்பு முடியவில்லை என்று இருநூறு பேரிடம் பொய் சொல்கிறார். இரண்டிலும் யாரோ ஒருவர் எனக்காகப் பொய் சொல்ல வேண்டியிருக்கிறது. எது என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். எழுதி அனுப்பினால் ஒற்றுப்பிழை பார்த்துத் தருகிறேன். அதற்கு மேல் என்னை நம்ப வேண்டாம்.

தொலைபேசி அடிக்கிறது. காலையிலிருந்து அத்தை கூப்பிடுவது இது ஆறாவது தடவை. நான் எடுக்கவில்லை. எடுக்காதவனை ஒருவர் எத்தனை தடவைதான் கூப்பிடுவார், பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நின்றுவிட்டது.

அவரிடம் எனக்குப் பிடிக்காத குணமே இதுதான் என்று எழுதத் தொடங்கினேன், அதற்குள் மறுபடி