மாதாவின் இடது கன்னம்

1

இந்தக் கதை ஒரு கடிதத்திலிருந்து பிறந்தது. எழுதியவன் நான், ஊரப்பாக்கத்தில் எங்கள் சிறிய மாதா கோயிலின் கமிட்டிச் செயலாளர். 'சுவரில் வரைந்துள்ள மாதாவின் முகத்தைச் சனிக்கிழமைக்குள் திருத்தித் தரவும்.' பிழையில்லாத தமிழ்.

2

முதல் தொடக்கம்: ஸ்டவ் வெடித்ததில் சரசுவின் இடது கன்னம் வெந்து...

(நிறுத்துகிறேன். அது போலீசில் அவள் சொன்னது. கொதிக்கும் எண்ணெயை ஊற்றியது அவள் புருஷன். எங்கள் எல்லோருக்கும் தெரியும்.)

இரண்டாவது: கேளம்பாக்கத்தில் ஒரு கேண்டீனில் காய் நறுக்கும் சரசு, லீவு நாட்களில் கோயில் சுவரில் மாதாவை வரைந்தாள். கேட்டது நாங்கள்தான். முடியும்வரை துணியால் மூடி வைத்திருந்தாள். துணியை விலக்கியபோது மாதாவின் கன்னத்தில், காதுக்குக் கீழே, கழுத்துவரை சரசுவின் தழும்பு.

3

கமிட்டியில் முதலில் பேசியவர் யேசுதாசன். அவரைக் கெட்டவராக எழுத இரண்டு முறை முயன்றேன். வரவில்லை. ஆஸ்பத்திரியில் சரசுவுக்கு ரத்தம் கொடுத்தவர் அவர்.*

"மாதாவ இப்டியா வரையிறது? பாக்கிறவங்க இன்னா நெனப்பாங்க?"

"ஆஸ்பத்திரில ரெண்டு மாசம் எனக்குக் கண்ணாடியே தரல மாமா," என்றாள் சரசு. "வேண்டிக்கினப்பல்லாம் மாதா இந்த மூஞ்சியோடதான் வந்தாங்க. அப்பால கண்ணாடி பாத்தப்போ எனக்கு பயமா இல்ல."

முகத்தைத் திருத்தச் சொல்வதென்று கமிட்டி முடிவு செய்தது. அன்று மாலை நான் கடிதத்தை எழுதினேன்.

* அவள் புருஷனின் அண்ணன். இதை அடிக்குறிப்பில் தள்ளியது என் கோழைத்தனம்.

4

சனிக்கிழமை மதியம் கோயிலில் அவளும் நானும் மட்டும். தழும்பை மறைக்கத் தேவையான நிறத்தை அவளே கலந்து வைத்திருந்தாள். பிரஷை என்னிடம் நீட்டினாள்.

"நீங்களே அழிச்சிடுங்க சார்."

"எனக்கு வரையத் தெரியாதும்மா."

"வரைய வேணாம். எங்கெங்க அழிக்கணும்னு நான் காட்றேன்."

அவள் சுவரைக் காட்டவில்லை. புடவைத் தலைப்பை விலக்கித் தன் கன்னத்தில் விரலை வைத்தாள்.

"இங்க ஆரம்பிங்க."

விரல் மெல்லக் கீழே இறங்கியது.

5

இதற்கு மேல் இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் பிரஷைக் கீழே வைத்துவிட்டுப் போய், யேசுதாசன் எதிரில் கடிதத்தைக் கிழிக்கிறேன். அதில் நான் ரொம்ப நல்லவன். இன்னொன்றில் பூசுகிறேன், ரொம்ப வருந்துகிறேன். இரண்டிலும் நான்தான் இருக்கிறேன், சரசு இல்லை. இரண்டையும் அடித்துவிட்டேன்.

நடந்தது எது என்று ஞாயிறு பூசைக்கு வந்தவர்களுக்குத் தெரியும். உங்களுக்குச் சொல்லப்போவதில்லை. வேண்டுமானால் வந்து என் இடத்தில் நில்லுங்கள். பிரஷைப் பிடித்துக்கொள்ளுங்கள். அவள் விரல் கழுத்தில் வந்து நிற்கிறது.

"சார்?" என்கிறாள்.