சும்மா மாப்பு கிடையாது

சபீதா மாமி ரொட்டிப் பாக்கெட்டும் அழுத கண்ணுமாக வந்தபோதே எதற்கென்று எனக்குத் தெரிந்துவிட்டது. கட்டிலில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“இஷ்ரத்து, நான் ஏதாச்சும் மனசு நோகச் சொல்லியிருந்தா பொறுத்துக்கிடும்மா.”

எங்கள் மேலப்பாளையத்தில் ஹஜ்ஜுக்குப் போகிறவர்களிடமும் சாவு நெருங்கி மௌத்தாகப் போகிறவர்களிடமும் இப்படி மாப்பு கேட்பது வழக்கம். நான் ஹஜ்ஜுக்குப் போகவில்லை. மார்பில் வந்த புற்று ஈரலுக்கும் போய்விட்டது, இனி மருந்து நாளைத் தள்ளத்தான் என்று டாக்டர் சொல்லி மூன்று வாரம் ஆகிறது. எனக்கு முப்பத்திரண்டு வயது. மூன்று வாரமாக ஆள் மாற்றி ஆள் வந்து மாப்பு வாங்கிப் போகிறார்கள். அன்றைக்கு எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“பொறுக்க மாட்டேன் மாமி.”

மாமி என் கையை விட்டுவிட்டாள்.

“என் கல்யாணத்துல பொண்ணு கறுப்புன்னு சொன்னீயளே, அதுக்குத்தான கேக்கீய? எம் மவ ஹனீனுக்குக் கணக்கு வரல. உங்க மருமவ கணக்கு டீச்சர்தான? வாரத்துல ரெண்டு நாள் சொல்லிக் குடுக்கச் சொல்லுங்க. பொறுக்கேன்.”

மாமி அழுகையை மறந்து தலையாட்டினாள். அன்றிலிருந்து என்னிடம் சும்மா மாப்பு கிடையாது. அடுத்து மாப்பு கேட்டு வந்த ரசீத் காக்கா தலையில் ஹனீனுக்குச் சைக்கிள் பழக்கும் வேலை விழுந்தது.

உம்மா மட்டும் கேட்கவில்லை. அவள்தான் கேட்க வேண்டும். பிளஸ் டூவில் ஆயிரத்து எழுபது மார்க் வாங்கினேன். காலேஜில் சேர வாங்கிய பாரத்தை அடுப்பில் போட்டவள் உம்மா. என் மாப்பிள்ளை, ஹனீனின் வாப்பா, சவூதியில் தம்மாமில் இருக்கிறார். எனக்குப் பிறகு ஹனீனை வளர்க்கப்போவது அவள் நன்னியான என் உம்மாதான். பிள்ளைக்குப் பத்து வயது.

கஞ்சி கொண்டு வந்தவளிடம் கேட்டேன். “நீ ஏன் உம்மா மாப்பு கேக்கல?”

“நான் எதுக்குக் கேக்கணும்? நீ எங்கயும் போகல.”

“போவேன் உம்மா. பயமாத்தான் இருக்கு. ஹனீன் வளர்றதப் பாக்க முடியாதேன்னு தெனமும் அழுதேன். இனி அழுதுகிட்டுக் கெடக்க நேரமில்ல. அந்தப் பாரத்துக்கு மாப்பு கேளு.”

உம்மா கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். பிறகு, “ஊரு பேசும்னு பயந்துட்டேன் மக்கா. பொறுத்துக்கிடு,” என்று தேம்பினாள்.

“ஹனீனோட காலேஜ் பாரத்துல நீ கையெழுத்துப் போடணும். அப்பதான் பொறுப்பேன்.”

“எனக்குக் கைநாட்டுதான தெரியும்?”

“இன்னைக்கே பழகு.”

ஹனீனின் நோட்டையும் பென்சிலையும் நீட்டினேன். ‘நஸீமா’ என்று முதல் வரியில் நானே எழுதிக் கொடுத்தேன். நேராக எழுத வந்துவிட்டால் மாப்பு என்று பேச்சு.

இரண்டு வாரம் ஆயிற்று. தினமும் சாயங்காலம் உம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதுகிறாள். ஒவ்வொரு எழுத்தும் ஒரு பக்கம் சாய்ந்து கிடக்கிறது. எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது.

நேற்று ஹனீன் என் காதருகே வந்தாள்.

“உம்மா, நீ தூங்கயில நன்னி நல்லா நேரா எழுதுதா. நீ பாத்தாத்தான் கோணலா எழுதுதா.”

மாப்பு வாங்கிவிட்டால் என்னை அனுப்பிவைத்ததாகிவிடுமே என்று உம்மா பயப்படுகிறாள். அவள் போனபின் தலையணையில் முகத்தை வைத்து அழுதேன்.

சாயங்காலம் உம்மா நோட்டை நீட்டினாள். வாங்கி, ஒவ்வொரு வரியாகப் பார்த்தேன்.

“இன்னும் கோணலாத்தான் இருக்கு உம்மா. நாளைக்கும் எழுதணும்.”

“எழுதுதேன் மக்கா,” என்றாள்.