மொத கோடு இன்னா கலரு

அமிர்தம் பொறாமைக்காரி கிடையாது. கள்ளக்குறிச்சியில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். எதிர்வீட்டுக்காரி கழுத்தில் புதுச் சங்கிலி மின்னினால் "நல்லாருக்கு, எந்தக் கடை?" என்று கேட்டுவிட்டு அவள் பாட்டுக்கு அரிசி களையப் போகிற பிறவி. அப்படிப்பட்டவளுக்கு அந்தச் சனிக்கிழமை மத்தியானம் வயிறு எரிந்த எரிச்சல் இருக்கிறதே, பக்கத்தில் போய் நின்றிருந்தால் நமக்கே சூடு தட்டியிருக்கும். எரிய வைத்தது ஒரு பழைய வால்வு ரேடியோ.

அது கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்தது. வெள்ளிமலைக்குப் பக்கத்து ஊர்க்காரன் தர்மன், முப்பது வயசு ஆள், போர்வையில் மூட்டை கட்டித் தோளில் சுமந்து வந்து அவள் புருஷனின் ரேடியோ ரிப்பேர் கடைப் பலகையில் இறக்கினான்.

"அண்ணன் இல்லிங்களா அண்ணி? நல்லாத்தான் பாடிக்கினு இருந்துச்சி. முந்தாநாள்லேந்து கரகரங்குது. தட்டுனா பாடுது, வுட்டா நின்னுபூடுது."

"எலவனாசூர்கோட்டைல டிவிக்கு ஆண்டனா கட்டப் போயிருக்காரு. சாயங்காலம்தான் வருவாரு."

"மூணு மணி பஸ்ஸ வுட்டா வேற பஸ் இல்லிங்களே. மீனாக்கா பாவம், ரேடியோ பாடலன்னா அதுக்குச் சோறு எறங்காது."

"எந்த மீனாக்கா?"

"எங்க அக்காதாங்க. ரேடியோவே அதோடதுதான. பாரஸ்ட்டு ரேஞ்சருக்குச் சமைச்சிப் போட்டுச்சி. அவரு மாத்தலாகிப் போறப்ப குடுத்துட்டுப் போனாரு. புருசன் போனதுலேந்து அதுக்கு இதான் தொணை. அண்ணன் சொல்லலிங்களா?"

அண்ணன் சொல்லவில்லை. அண்ணன் சொன்னதெல்லாம் "மலையில தர்மன்னு ஒருத்தன் வூடு" என்பதுதான். மண்ணெண்ணெயும் கருவாடும் வாங்கிக்கொண்டு வருகிறேன் என்று தர்மன் கடைத்தெருப் பக்கம் போனான். அமிர்தம் ரேடியோவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

இரண்டு வாரம் முன்னால், புரட்டாசி பிறப்பதற்கு முதல்நாள், இந்த ரேடியோவைப் பார்க்கத்தான் அவள் புருஷன் காசிநாதன் கடைசி பஸ்ஸில் மலைக்கு ஏறினான். மறுநாள் விடிந்தால் இடஒதுக்கீடு கேட்டு மறியல். புளியமரத்தை எல்லாம் வெட்டி ரோட்டில் சாய்த்துவிட்டார்கள். கச்சிராயபாளையம் ரோட்டில் ஒரு சைக்கிள் போக வழியில்லை. உளுந்தூர்பேட்டையில் லாரிகள் நின்ற இடத்திலேயே நின்றன. ஒரு வாரம் பஸ் இல்லை, பேப்பர் இல்லை, பால் இல்லை. எங்கேயோ சுட்டார்களாம், எங்கேயோ கொளுத்தினார்களாம் என்று தினம் ஒரு சேதி வரும். அமிர்தம் அந்த ஏழு நாளும் வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்து நடந்தே இளைத்துப்போனாள்.

எட்டாம் நாள் வந்து நின்றான் காசிநாதன். கையில் ஒரு பாட்டில் மலைத்தேன்.

"பெரிய பாடு அமிர்தம். நீ கட்டிக் குடுத்த பொட்டலத்துல அந்த அளவு இல்ல, உதிரி ரெசிஸ்டருதான் போட வேண்டியதாப்போச்சி. கலரு சொல்ல நீ இல்ல. ஒண்ணொண்ணையும் மீட்டரு வெச்சி அளந்து அளந்து போட்டேன். அதுலயே பொழுது ஓடிப்போச்சி."

அவளுக்கு மனசு உருகிவிட்டது. புரட்டாசி என்பதால் கறி எடுக்க முடியவில்லையே என்று வருத்தப்பட்டு, முருங்கைக்கீரை அடையாகச் சுட்டுச் சுட்டுப் போட்டாள். மனுஷன் ஏழு அடை தின்றான்.

அவள் ஏன் உருகினாள் என்றால், அதற்கு ஒரு ரகசியம் இருக்கிறது. காசிநாதனுக்கு நிறம் தெரியாது. சிவப்பும் பழுப்பும் பச்சையும் அவன் கண்ணுக்கு எல்லாம் ஒரே சேறு. ரேடியோ ரிப்பேர்காரனுக்கு இதைவிடக் கேடு உண்டா? ரெசிஸ்டர் என்கிற குட்டிக் குச்சியில் அதன் அளவை எண்ணாக எழுத மாட்டார்கள், கலர் கோடாகத்தான் போட்டிருப்பார்கள். கோட்டை மாற்றிப் படித்தால் வால்வு போய்விடும். கல்யாணமான புதிதில், பச்சைப் புடவை கட்டிக்கொண்டு நின்றவளை "இந்தப் பழுப்பு ஒனக்கு எடுப்பா இருக்கு" என்று அவன் சொன்னபோது அமிர்தம் கண்டுபிடித்தாள். அன்றைக்கு அவள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டான்: "வெளிய தெரிஞ்சா கடைய மூட வேண்டியதுதான். செத்தாலும் வாயத் தொறக்காத."

அவள் பெற்ற தாயிடம்கூடச் சொல்லவில்லை. பதினைந்து வருஷமாக அவன் குச்சியை நீட்டி "மொத கோடு இன்னா கலரு?" என்பான். அவள் சொல்வாள். வெளியூர் போனால் அளவு வாரியாகப் பொட்டலம் கட்டி மேலே நம்பர் எழுதிக் கொடுப்பாள். அவன் கண்ணே அவள்தான். அதில் அவளுக்கு ஒரு கர்வம், சும்மா சொல்லக்கூடாது, நிறையவே கர்வம்.

ஆனால் ஈயத்தை உருக்கி ஒட்டுகிற சால்ட்ரிங் அயர்னை மட்டும் தொட விடமாட்டான். எத்தனையோ தரம் கேட்டிருக்கிறாள். "பொம்பள கை நடுங்கும், வுடு" என்பான். ஆயுத பூசைக்கு அதற்குக் குங்குமம் வைக்கலாம், அவ்வளவுதான் அவளுக்குக் கொடுத்து வைத்தது. இரண்டு நாள் முன்னால் அவள் வைத்த பொட்டு இன்னும் அதன் கைப்பிடியில் இருந்தது.

சரி, தர்மனுக்குப் பஸ் போய்விடுமே என்று ரேடியோவின் பின்பலகையைக் கழற்றினாள். அடித்தட்டைத் திருப்பிப் பார்த்தாள். புதிதாகப் போட்ட ரெசிஸ்டர் ஒன்றே ஒன்றுதான். சிவப்பு, சிவப்பு, மஞ்சள். கால் வளைந்திருந்ததைப் பார்த்தாலே தெரிந்தது, உதிரி டப்பாச் சாமான். ஒன்றே ஒன்றுக்கா ஏழு நாள் என்று ஒரு நினைப்பு வந்தது. இருக்கட்டும், மீட்டர் வைத்து அளந்த வேலை, மெதுவாகத்தான் ஆகும் என்று தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, சோதிப்பதற்கு அந்த மீட்டரை எடுத்தாள்.

முள் அசையவில்லை. மீட்டரின் இரண்டு கம்பியையும் ஒன்றாக முட்டினாள், நல்ல மீட்டராக இருந்தால் முள் துள்ளும். அப்போதும் அசையவில்லை. பின்மூடியைத் திறந்தால், உள்ளே இரண்டு செல்லும் ஊறி வழிந்து பச்சை பூத்துக் காய்ந்து கிடந்தது. துரு தகட்டையே தின்றிருந்தது. அது இந்த மாசத்தில் செத்த செல் இல்லை. நாலைந்து மாசம் ஆகியிருக்கும்.

அப்படியானால் மலையில் எதை வைத்து அளந்தான்?

யாரோ அவனுக்குக் கலர் சொல்லியிருக்க வேண்டும் என்று அமிர்தத்துக்குப் பட்டது. அந்த ரெசிஸ்டரை மறுபடி பார்த்தாள். ஈயம் வைத்த இடத்தைப் பார்த்தாள். காசிநாதன் வைக்கிற ஈயம் கேழ்வரகு அளவுதான் இருக்கும், பளபளவென்று. பிடிக்கவில்லை என்றால் தன் வேலையையே மூன்று தரம் உருக்கி வைக்கிறவன். இதுவோ சுண்டைக்காய் அளவுக்கு, மங்கலாக, ஒரு பக்கம் வழிந்து நின்றது. விரலால் நெருடினாள், கம்பி உள்ளே ஆடியது. ரேடியோ கரகரத்ததற்கு இதுதான் காரணம். முதல்முறையாக அயர்ன் பிடிக்கிறவள் வைத்த ஈயம். அதைப் பார்த்துவிட்டு, திருத்தாமல், அழகாக இருக்கிறது என்று விட்டுவிட்டு வந்திருக்கிறான் அவள் புருஷன்.

அடப்பாவி மனுஷா. வந்ததிலிருந்து தினம் சவரம் செய்கிறானே என்று பார்த்தாள். தேன் பாட்டிலை அவளே தெருவெல்லாம் காட்டிப் பெருமை பேசினாளே. அந்த ஏழு அடையை நினைத்தபோதுதான் அவளுக்கு ஆத்திரம் வந்தது. என் கண்ணு இருந்த எடத்தையும் புடிச்சிக்கினா, எனக்குக் குடுக்காத அயர்னையும் வாங்கிக்கினா. அவளைத் தொட்டானா இல்லையா என்கிற யோசனைகூட அமிர்தத்துக்கு ரொம்பப் பின்னால்தான் வந்தது.

உதிரி டப்பா பக்கத்திலேயே இருந்தது. இந்த ரெசிஸ்டரை எடுத்துவிட்டுச் சின்ன அளவாக ஒன்றைப் போட்டால் போதும், ரேடியோ மலை ஏறி ஒரு மணி நேரத்தில் வாயை மூடிக்கொள்ளும். அந்த வால்வு சென்னையில்கூட லேசில் கிடைக்காது. ஒன்றை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு டப்பாவிலேயே போட்டாள். நல்ல மனசால் இல்லை. ரேடியோ கெட்டால் காசிநாதன் மறுபடியும் மலை ஏறுவான், வேறென்ன.

அயர்னைப் பிளக்கில் சொருகினாள். சூடேறும்வரை குங்குமத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் இரண்டு துண்டுக் கம்பியில் வைத்துப் பார்த்தாள், விரலைச் சுட்டுக்கொண்டாள். இரண்டாவது தரம் ஈயம் உருண்டு ஓடியது. மூன்றாவது தரம் நின்றது. பதினைந்து வருஷம் பார்த்த கண் சும்மா போகுமா. மீனா வைத்த சுண்டைக்காயை உருக்கி வழித்து எறிந்துவிட்டு, கம்பியைச் சுரண்டி, பேஸ்ட் தொட்டு, ஒரே தொடு. கேழ்வரகு மணியாக நின்றது. கை நடுங்கவில்லை.

ரேடியோவைப் போட்டாள். வால்வு சூடேறி, சிற்றலையில் சிலோன் தண்ணீர் மாதிரி தெளிவாகப் பாடியது. அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை.

இரண்டரைக்குத் தர்மன் வந்தான். பாடுகிறதைக் கேட்டதும் வாயெல்லாம் பல்.

"அண்ணன் வந்துட்டாரா?"

"நான்தான் செஞ்சேன்."

"நீங்களுமா? அண்ணன் அக்காவுக்குத்தான் கத்துக்குடுத்தாருன்னு நெனச்சேன். அக்கா கலரு சொல்லும், அண்ணன் எடுப்பாரு. அயர்னையும் அதுங்கையிலயே குடுத்துட்டாரு. கை நடுங்காம வெக்கிறியேன்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு. பாவம், அவருக்குக் கலரே தெரியாதாமே அண்ணி? எங்களுக்கெல்லாம் ஆச்சரியமாப் போச்சி."

அமிர்தம் எழுந்து ரேடியோவை நிறுத்தினாள். போர்வையால் அவளே மூட்டை கட்டினாள். முடிச்சு இரண்டு தரம் நழுவியது.

"உங்க அக்காகிட்ட சொல்லு. ஈயத்த மட்டும் உருக்கி ஊத்துனா ஒட்டாது, கம்பியையும் சுட வெக்கணும். மங்கலா நின்னா அது ஒட்டலன்னு அர்த்தம்."

"சொல்றங்க அண்ணி," என்று தர்மன் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனான். அவன் பேரில் என்ன தப்பு இருக்கிறது.

சாயங்காலம் காசிநாதன் வந்தான். மூஞ்சி கழுவி, அவள் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, தாலுக்கா ஆபீஸ் ராஜாங்கத்தின் ரேடியோவைத் திறந்துகொண்டு உட்கார்ந்தான். அதற்கு இருபத்திரண்டு கே என்கிற அளவில் ஒரு ரெசிஸ்டர் வேண்டும், சிவப்பில் ஆரம்பிப்பது. உதிரி டப்பாவில் ஒன்றைப் பொறுக்கி, அவள் பக்கம் திரும்பாமலே கையை நீட்டினான்.

"மொத கோடு இன்னா கலரு?"

"மீட்டரு வெச்சி அளந்து பாருங்க."

நீட்டிய கை அப்படியே நின்றது. மேசை மேல் மீட்டர் மல்லாந்து கிடந்தது, பின்மூடி இல்லாமல், பூத்துப்போன செல்லைக் காட்டிக்கொண்டு. அவன் அதைப் பார்த்தான்.

"யாரு வந்தது?"

"தர்மன் வந்தான், அவங்க அக்கா ரேடியோவத் தூக்கிக்கினு. ஈயம் ஒட்டல. நான் வெச்சிக் குடுத்தனுப்பிட்டேன்."

"நீயா?"

"கை நடுங்கல."

காசிநாதன் மீட்டரைக் கவிழ்த்து வைத்தான். "அமிர்தம், பஸ்ஸும் இல்ல, ஒண்ணும் இல்ல. அவசரத்துக்கு அந்தப் பொண்ணு பக்கத்துல இருந்துச்சி. தப்பா ஒண்ணும் நடக்கல, ஒம்மேல சத்தியம்."

"நடந்துச்சான்னு நான் கேக்கலிங்க. கலரு யாரு சொன்னதுன்னுதான் கேக்கறேன்."

அவள் முக்காலி பக்கம் வந்து நின்றாள்.

"எழுந்திரிங்க."

எழுந்துகொண்டான். அவள் அந்த இடத்தில் உட்கார்ந்து அயர்னை எடுத்துப் பிடித்துக்கொண்டாள். "இன்னிக்கு நீங்க சொல்லுங்க. மொத கோடு இன்னா கலரு?"

அவன் ரெசிஸ்டரைப் பல்புக்குக் கிட்டே கொண்டுபோனான். திருப்பினான், கண்ணைச் சுருக்கினான், இன்னொரு தரம் திருப்பினான். நாற்பத்திரண்டு வயசு மனுஷன், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி நின்றான்.

"செவப்பு," என்றான்.

அது பழுப்பு. இருபத்திரண்டு இல்லை, பன்னிரண்டு கே. இந்தத் தப்பைப் பதினைந்து வருஷத்தில் ஆயிரம் தரம் செய்திருக்கிறான், ஆயிரம் தரமும் அவள் திருத்தியிருக்கிறாள், ஒரு தரம்கூடச் சிரித்ததில்லை.

"ஆமாங்க," என்றாள் அமிர்தம். "செவப்புதான்."

சொல்லிவிட்டு அவன் கையில் இருந்ததை வாங்கிக்கொள்ளாமல், டப்பாவிலிருந்து தானே வேறொன்றை எடுத்து ஈயம் வைத்தாள். ராஜாங்கத்தின் ரேடியோ பாடியது. காசிநாதன் அவள் வைத்ததைக் குனிந்து பார்த்தான், தன் கையில் இருந்ததைப் பார்த்தான், இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தது. பிறகு அவள் முகத்தைப் பார்த்தான். அவள் சொன்னது நிஜமா பொய்யா என்று அவனுக்குத் தெரியவில்லை. இனிமேல் அவள் எந்தக் கலரைச் சொன்னாலும் தெரியப்போவதில்லை.