நன்மைப் பாட்டுக்கு எடுத்த சுருதி

இப்போதெல்லாம் மாதா கோயிலுக்கு வருகிறவர்கள் வாயைத் திறப்பது பூசையில் நன்மை அப்பம் வாங்க மட்டும்தான். பாட்டு வந்தால் செல்போனைத் தடவுவார்கள், இல்லையென்றால் மின்விசிறியை அண்ணாந்து பார்ப்பார்கள். என் வீட்டுக்காரியும் அதில் சேர்த்தி. ஐந்து வருடமாகப் பாடுவதில்லை. கேட்டால் தொண்டை போச்சு என்பாள். என்னைத் திட்டும்போது மட்டும் அது எப்படியோ திரும்பி வந்துவிடும்.

நான் லாரி ஓட்டியவன். எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். முப்பது வருடமாகப் பாடகர் குழுவில் அடிக்குரல் நான்தான், எல்லாம் காதால் பிடித்தது. குழுவை நடத்துகிற கணக்கு வாத்தியார், வியாழக்கிழமை, ஞாயிறு பூசைக்குப் பாட்டுத் தேர்ந்தெடுக்கிற கூட்டத்துக்கு ஒரு தாளோடு வந்தார். நன்மை கொடுக்கிற நேரத்துக்கு, பைபிளின் திருப்பாடலிலிருந்து வரி ஒன்று. கீபோர்டு கிடையாது, தாளம் கிடையாது, அந்த ஒரே வரியைத் திரும்பத் திரும்ப இழுக்க வேண்டும்.

"சாவு வீடே இதவிட கலகலன்னு இருக்கும் வாத்தியாரே."

"ஜனங்க பாடணும் பெரியவரே. பழைய பாட்டுல நாம பாடுறோம், அவங்க வேடிக்க பாக்குறாங்க."

"இதுல மட்டும் பாடிக் கிழிச்சிடுவாங்களாக்கும்."

பங்குச் சாமியார் நடுவில் புகுந்தார். "ஞாயித்துக்கெழம பாடிப் பாருங்க. ஜனங்க சேந்து பாடலன்னா பழைய பாட்டே இருக்கட்டும்."

பழைய பாட்டின் நடுவில் எட்டு அடி எனக்கு மட்டும் உண்டு, அடிக்குரல் தனியாக. அதை விட்டுக்கொடுக்க நான் தயாராக இல்லை.

கீபோர்டு இல்லாததால் சுருதி எடுத்துக்கொடுக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. வாத்தியார் என்னைக் கைகாட்டினார். எனக்கு வசதியாய்ப் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை வேண்டுமென்றே அடித்தொண்டையில், பள்ளத்தில் வண்டியை இறக்குகிற மாதிரி எடுத்தேன். குழுவில் இளம்பெண்களுக்கு அவ்வளவு கீழே எட்டவில்லை. என் மருமகள் முறைத்தாள். இரண்டாம் சுற்றில் பாதிப் பேர் வெறும் வாயசைத்தார்கள். கதை முடிந்தது என்று நினைத்தேன்.

மூன்றாம் சுற்றில் பின்பெஞ்சில் தச்சர் சேர்ந்துகொண்டார். பிறகு மருந்துக்கடைக்காரர், அவர் மாமியார், அந்த வரிசை முழுக்க. நன்மை வாங்கித் திரும்பிய என் வீட்டுக்காரி முழங்காலில் நின்று, கண்ணை மூடிக்கொண்டு பாடினாள். நான் ஒரு சுற்று பாடவே மறந்துபோனேன்.

பூசை முடிந்து வாசலில் கேட்டேன். "தொண்ட போச்சுன்ன?"

"கீபோர்டு எடுக்குற ஒசரத்துக்கு நான் ஏணி வெச்சுத்தான் ஏறணும். இன்னைக்கு தரையில வெச்சீங்க, எடுத்துக்கிட்டேன்."

பின்னால் வந்த வாத்தியார் சிரித்தார். "அடுத்த வாரமும் நீங்கதான் எடுத்துக் குடுக்கணும்."

"அது சுருதி செஞ்ச வேல, பாட்டு செஞ்சதில்ல."

"சரி, பழைய பாட்ட அதே சுருதியில எடுப்போம். உங்க எட்டு அடி உங்களுக்கே எட்டாம கெணத்துக்குள்ள போயிடும், பரவால்லயா?"

வீட்டைப் பார்த்து நடந்தேன். புதுசு என்றால் ஒரு வாரம் எல்லாரும்தான் பாடுவார்கள், அடுத்த மாதம் பார்க்கலாம். வீட்டுக்காரி அந்த வரியை முனகிக்கொண்டே பின்னால் வந்தாள். சுருதி நான் எடுத்ததைவிடக் கொஞ்சம் ஏறியிருந்தது. அதை அவளிடம் நான் சொல்லவில்லை.